வளர்பிறையில் எழுதும் ரஷ்யாக்காரி

அத்தியாயம் 5

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெயிலுக்குப் பஞ்சம் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அந்த இடத்தில் ஒரு மனிதர் ரப்பர் வெந்நீர்ப் பை செய்து பதினைந்து வருஷமாகப் பிழைக்கிறார் என்றதும் வரதனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நெருப்புக்கோழிக்கு ஸ்வெட்டர் தெக்கறா மாரி கீதே மேடம்," என்றான்.

தாட்சாயிணி கெமிஸ்ட்ரி படித்தவள். குமணன்சாவடியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் 'ரகசிய விசாரணை' என்று பலகை மாட்டியிருந்தாள். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்பதுதான். மொபெட் ஓட்டுவதற்கும், அவள் பேசாமல் இருக்கும் நேரத்தையெல்லாம் பேசி நிரப்புவதற்கும் வரதனை வைத்திருந்தாள். இரண்டாவது வேலைக்குத்தான் அவன் அதிகம் உழைத்தான்.

முதலாளி ராஜசேகரனுக்கு ஐம்பது வயது. வானகரத்தில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம். பார்சல் பிரித்த சணல் கயிற்றைக்கூட வீணாக்காமல் பந்தாகச் சுருட்டி மேசையோரம் வைத்திருந்தார். அதைத் தாட்சாயிணி ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்ததை வரதன் கவனித்தான்.

அவர் சொன்ன விவரம் இவ்வளவுதான். பைகள் அத்தனையும் லெனின்கிராடில் உள்ள ஒரு கொள்முதல் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து கடிதம் ரஷ்ய மொழியில்தான் வரும். அதை மொழிபெயர்க்கக் கஸ்தூரி என்று ஒரு பெண் ஒன்பது வருஷமாக இருக்கிறாள். காட்டுப்பாக்கத்துப் பெண். போன நவம்பரிலிருந்து ஏழு ஆர்டர் கடிதங்கள் வந்திருக்கின்றன. சரக்கை எடுக்கக் கப்பல் வரவில்லை. சோவியத் நாடே இல்லை என்று பேப்பரில் போட்டு ஆறு மாதமாகிறது. இல்லாத நாட்டிலிருந்து கடிதம் மட்டும் எப்படி வருகிறது?

"பொய்க் கடுதாசின்னா அதை எழுதினது யாருன்னு ஆதாரத்தோட வேணும்," என்றார். "இன்னிக்கு அஞ்சு மணிக்குச் சங்கு ஊதும். இருபத்துமூணு பொம்பளைங்களையும் ஷெட்ல நிக்கச் சொல்றேன். உங்க வாயால நீங்க சொல்லணும். போலீசுக்கு அப்புறம் நான் எழுதிக் குடுத்துக்கறேன்."

மணி பதினொன்றரை. அந்தத் தொழிற்சாலையில் ரஷ்யன் தெரிந்தவர்களை எண்ண ஒரு விரல் போதும். ஐந்தரை மணி நேரத்தில் அந்த ஒருத்தியின் பெயர் சந்தி சிரிக்கப் போகிறது. போதாக்குறைக்கு, இருபத்துமூன்று பேரில் பாதிப் பேர் அவள் தெருக்காரர்கள். வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தானாம்.

*

ஃபைல்களை வாங்கிக்கொண்டு இருவரும் ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். ரஷ்யக் கடிதம் ஒவ்வொன்றின் பின்னாலும் கஸ்தூரியின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு குத்தப்பட்டிருந்தது. பழைய கடிதங்களுக்கு உறையும் சேர்ந்திருந்தது. கடைசி ஏழுக்கு உறை இல்லை.

பழைய கடிதங்களின் தலைப்பில் ஒரு சிவப்பு நட்சத்திரம். கடைசி ஏழில் அதே நட்சத்திரம் கறுப்பு.

"நட்சத்திரத்துக்கு இன்னா துக்கம் மேடம்?"

"ஜெராக்ஸ்," என்றாள் தாட்சாயிணி.

வரதன் எழுந்தே விட்டான். வழக்கு முடிந்தது, போய்ச் சாப்பிடலாம் என்றான். அவள் அவனை உட்காரச் சொன்னாள். நாடு உடைந்த நேரத்தில் அச்சடித்த தாள் தீர்ந்துபோய், அந்த அலுவலகமே ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம். கறுப்பு நட்சத்திரத்தை வைத்து ஒரு பெண்ணைப் போலீசில் கொடுக்க முடியாது.

அரை மணி கழித்து அவள் விரல் ஒரு பழைய கடிதத்தில் நின்றது. 1984. லெனின்கிராடுக்காரர்கள் கோபமாக எழுதியிருந்தார்கள். ஆயிரம் பை என்று பில்; பெட்டியில் இருந்தது ஆயிரத்தொன்று. இந்தத் தவறு எப்படி நடந்தது, யார் பொறுப்பு என்று அடுத்தடுத்து மூன்று கடிதங்களில் கேட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்கு முழு எண்ணாகக் கொடுப்பதில்லை, கூட ஒன்று வைப்போம், அது தவறல்ல, மரியாதை என்று கஸ்தூரி பதில் எழுதியிருந்தாள். இனி ஆயிரம் என்றால் ஆயிரமே அனுப்பவும் என்று அங்கிருந்து வெட்டு ஒன்று துண்டு இரண்டாக வந்த பதிலும் இருந்தது.

"ஒரு பை இங்கேருந்து அங்க போய்ச் சேர நாலு மொழி தாண்டணும், வரதா. ஷெட்ல தமிழ், பில்லுல இங்கிலீஷ், டெல்லி ஏஜெண்டுகிட்ட இந்தி, அங்க ரஷ்யன். மரியாதைன்னு இவங்க வெச்ச ஒத்தப் பை, நாலையும் தாண்டிப் போனப்போ குத்தமாயிடுச்சு."

பிறகு கடைசி ஏழு கடிதங்களையும் வரிசையாகப் பரப்பினாள். முதல் ஆர்டர் ஆயிரத்தொன்று. அடுத்தது ஆயிரத்தைந்நூற்றொன்று. அதற்கடுத்தது இரண்டாயிரத்தொன்று. ஏழிலும் கடைசியில் அந்த ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு பை கூடிப்போனதற்கு மூன்று நோட்டீஸ் விட்ட ஆட்கள், இப்போது தாங்களாகவே மொய் எழுதுகிற கணக்கில் ஆர்டர் போடுகிறார்கள்.

வரதனிடம் காசு கொடுத்து, போன வருஷத்துப் பஞ்சாங்கம் ஒன்றும் இந்த வருஷத்துப் பஞ்சாங்கம் ஒன்றும் வாங்கி வரச் சொன்னாள். அவன் திரும்பி வர முக்கால் மணியாயிற்று.

"போன வருஷத்துது கேட்டா கடக்காரன் என்னை மேலயும் கீழயும் பாக்கறான் மேடம். நடந்து முடிஞ்சதுக்கு இன்னாத்துக்குப்பா நல்ல நேரம்ன்றான்."

ஒவ்வொரு கடிதத்தின் தேதியையும் அவள் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தாள். பழைய கடிதங்கள் வளர்பிறை, தேய்பிறை, அஷ்டமி, செவ்வாய் என்று கலந்து கிடந்தன. கடைசி ஏழும் வளர்பிறை. அஷ்டமி இல்லை, நவமி இல்லை, செவ்வாய் சனி இல்லை.

"நாணயத்தை ஏழு தடவை சுண்டினா ஏழு தடவையும் பூவே விழுமா?"

"நம்ம நாணயமா இருந்தா உழாது. லெனின்கிராடுல நாள் பாக்கற ஜோசியர் கீறாரு போல," என்றான் வரதன். அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டு மணிக்கே குற்றவாளி கையில்.

தாட்சாயிணியின் முகம்தான் சரியாக இல்லை. கறுப்பு நட்சத்திரம் ஒரே பார்வையில் தெரிகிறது. உறை இல்லாததும் தெரிகிறது. சணல் கயிற்றை எறிய மனசு வராத மனிதர் எட்டு மாதமாக இதில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லையா? இதை அவள் வரதனிடம் கேட்டாள். ஷெட்டைப் பார்க்க வேண்டும் என்று எழுந்தாள்.

*

ஷெட்டில் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து வெந்நீர்ப் பைகளுக்குப் பவுடர் தடவி மடித்து அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வட்டத்துக்குத் தலைவி மாதிரி ஒரு பெரிய உருவம் இருந்தது. முனியம்மா என்று பெயர்.

வேலை ரொம்ப இருக்கிறதா என்று வரதன் கேட்டு வைத்தான்.

"கீதுப்பா. மடிச்சா ஒரு வேலை, பிரிச்சா ஒரு வேலை," என்றாள் முனியம்மா. யாரும் சிரிக்கவில்லை.

தாட்சாயிணி மூச்சை இழுத்துப் பார்த்தாள். ரப்பர் வேகிற இடத்தில் கந்தக வாடை மூக்கைப் பிய்க்க வேண்டும். பவுடர் வாசனை மட்டும் இருந்தது. அவள் பின்பக்கம் போய் பாய்லரின் நெருப்புக் கதவருகே குனிந்தாள். பாதி திறந்திருந்த கதவுக்குள்ளே வைக்கோலும் நூலும் சேர்த்துக் கட்டிய கூடு ஒன்று. மூன்று குருவிக் குஞ்சுகள் வாயைப் பிளந்தன. கூட்டுக்குக் கீழே பழைய முட்டை ஓடுகள். இதற்கு முன்பும் ஓர் ஈடு பொரித்துப் பறந்திருக்கிறது.

ஆயிரக்கணக்கில் ஆர்டர் உள்ள தொழிற்சாலை. பாய்லருக்குள் பிரசவ ஆஸ்பத்திரி. வரதனின் நாக்கு நுனிவரை வந்த வாக்கியம் அது. தாட்சாயிணியின் முகத்தைப் பார்த்து அவன் அதை விழுங்கிவிட்டான்.

"பாய்லரை அணைக்கச் சொல்றது யாரு, வரதா?"

"முதலாளிதான்."

"அப்போ அவருக்கு எப்பவோ தெரியும்."

*

கஸ்தூரியின் அறை ஒரு பலகைத் தடுப்பு. ரஷ்ய எழுத்து டைப்ரைட்டர் ஒன்று, இரண்டு அகராதி, ஒரு மண்பானை. முப்பத்தைந்து வயதிருக்கும். பஞ்சாங்கத்தையும் கடிதங்களையும் தாட்சாயிணி மேசையில் வைத்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டவில்லை.

ஏழும் தான் எழுதியதுதான் என்று ஒப்புக்கொண்டாள். எதற்காக நாள் பார்த்தாய் என்று வரதன் கேட்டான். பொய் எழுதுகிறோம், அதையாவது நல்ல நாளில் எழுதலாமே என்று தோன்றியதாம். ஆயிரம் என்று மொட்டையாக அடிக்கக் கை வரவில்லையாம்.

இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். அதற்கு உறை இருந்தது. நட்சத்திரம் சிவப்பாக இருந்தது. போன அக்டோபரில் வந்தது. அலுவலகத்தை மூடுகிறோம், இனி எதுவும் அனுப்ப வேண்டாம். எழுதியவள் லுத்மிலா. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பது வருஷமாகக் கடிதம் அடித்தவள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அலுவலகக் கடிதத்தின் அடியில் இவள் இரண்டு வரி எழுதுவாள், அவள் இரண்டு வரி எழுதுவாள். அப்படி ஒரு சிநேகிதம்.

வந்த அன்றே ஏன் சொல்லவில்லை என்று தாட்சாயிணி கேட்டாள். கஸ்தூரி அந்தக் கடிதத்தை மறுபடி உறைக்குள் வைத்தாள்.

"வானகரத்துல பெரிய ஊடுங்கள்ல சாவுன்னா, சேதி சொல்ல எங்க நைனாதான் போவணும் மேடம். திருமழிசை வரைக்கும் நடப்பாரு. வாசல்ல நின்னு சொல்லணும். சொன்னதும் உள்ள அழுகை கெளம்பும். சேதி சொன்ன வாய்க்கு ஒரு வாய் தண்ணி தர மாட்டாங்க. திரும்பி வந்து எங்க ஊட்டுப் பானைல மொண்டு மொண்டு குடிப்பாரு. சாரோட தாத்தா செத்ததுக்கும் அவருதான் போனாரு."

குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அந்த வேலை எங்களுக்கு வேணாம்னுதான் நான் படிச்சேன். ஊர்ல யாருக்கும் தெரியாத பாஷையாப் பாத்துப் படிச்சேன். கடைசில அதே வேலை நாலு மொழி தாண்டி என் மேசைக்கு வந்து நிக்குது. ஒரு மாசம் தள்ளிப் போடலாம், அதுக்குள்ள வேற ஆர்டர் வந்துடும்னு மொதல் கடுதாசி எழுதினேன். சார் ஒரு நாளும் கவர் எங்கன்னு கேக்கல மேடம். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

வரதன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கிற வழக்கே தேவலை என்று இருந்தது.

*

நாலரை மணிக்கு ராஜசேகரன் எதிரில் தாட்சாயிணி உட்கார்ந்தாள். வளர்பிறையையும் ஆயிரத்தொன்றையும் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டார்.

பிறகு அவள் குருவிக் கூட்டைச் சொன்னாள். தலையாட்டல் நின்றது.

மறைக்க அவர் அதிகம் முயலவில்லை. இரண்டாவது கடிதம் வந்தபோதே தெரிந்துவிட்டதாம். ஜனவரியில் பாய்லரை அணைத்துவிட்டார். இருந்த பையையே பிரித்து மறுபடி மடிக்கச் சொன்னார். வானகரத்தில் மிச்சமிருந்த ஒரு துண்டு நிலத்தை விற்றுத்தான் இத்தனை நாள் கூலி கொடுத்தார். இந்த வாரத்தோடு அதுவும் தீர்ந்தது. அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று வரதனுக்குத் தெரியவில்லை.

"அவ மேல பழி போச்சுன்னா, மத்தவங்க என்னைச் சபிக்க மாட்டாங்கன்னு நெனைச்சேன்," என்றார். "என்னால அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியலம்மா. எங்க வீட்டுல யாரும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்ல. அதுக்குன்னு ஆள் இருப்பாங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது.

தாட்சாயிணி பஞ்சாங்கங்களை எடுத்து வரதனிடம் கொடுத்தாள். "நீங்க எங்களைக் கூப்பிட்டது துப்பறியறதுக்கு இல்ல சார். அந்த ஆளா வந்து நிக்கறதுக்கு. நான் நிக்க மாட்டேன். கஸ்தூரியும் நிக்க மாட்டாங்க."

போலீசுக்கு எழுத எடுத்து வைத்திருந்த வெள்ளைத் தாளை அவர் இரண்டாக மடித்தார். மறுபடி மடித்தார். மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாகும் வரை மடித்துக்கொண்டே இருந்தார்.

*

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது.

இருபத்துமூன்று பேரும் பெட்டிகளுக்கு முன்னால் நின்றார்கள். ராஜசேகரன் வாயைத் திறந்தார். மூடினார். ஒன்பது வருஷமாகப் பிறர் சொல்ல வேண்டியதைத் தான் சொல்லிப் பழகிய கஸ்தூரி ஒரு அடி முன்னால் வைத்தாள். தாட்சாயிணி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். எங்கோ லாரி ஒன்று பின்னால் வருகிற சத்தம்.

"ரஷ்யா ஆர்டர் நின்னுபோச்சும்மா," என்றார் ராஜசேகரன். "அக்டோபர்லயே நின்னுபோச்சு. நாளைலேருந்து வேலை இல்ல."

அழுகைச் சத்தம் கிளம்பும் என்று வரதன் எதிர்பார்த்தான். கிளம்பவில்லை.

"தெரியும் சார்," என்றாள் முனியம்மா. "ஒரே பைய எத்தினி தபா மடிக்கறது. பைக்கே அலுத்துப்பூட்ச்சு. நீங்களா சொல்ற வரிக்கும் கேக்க வாணாம்னு இருந்தோம்."

பிறகு அவள் கஸ்தூரியின் பக்கம் திரும்பினாள். கஸ்தூரி தலை நிமிரவில்லை.

"கடைசியா அந்த ரஷ்யாக்காரம்மா இன்னாதான் எய்திச்சு? படிமே. கேப்போம்."

கஸ்தூரி சிவப்பு நட்சத்திரம் போட்ட தாளைப் பிரித்தாள். முதலில் ரஷ்ய மொழியிலேயே படித்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் அந்த மொழியை வாய்விட்டுச் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. பவுடர் படிந்த கைகளோடு எல்லோரும் அசையாமல் நின்று கேட்டார்கள். அலுவலக வாசகம் நாலே வரி. அதற்குக் கீழே கையெழுத்தில் இருந்ததை அவள் தமிழில் சொன்னாள்.

"அன்புள்ள கஸ்தூரி, எங்கள் ஊரின் பெயரை மாற்றிவிட்டார்கள். நாட்டின் பெயரும் மாறும் என்கிறார்கள். இந்த மேசை நாளை எனக்கு இல்லை. அதிகமாக வந்த ஒரு பைக்காக உன்னை மூன்று முறை கடிந்து எழுதினேன். அதை எழுதச் சொன்னவர்கள் இப்போது இங்கே இல்லை. எங்கள் ஊரிலும் சந்தோஷத்துக்குப் பூ கொடுத்தால் ஒற்றைப்படையில்தான் கொடுப்போம். இரட்டைப்படை சாவுக்கு. உன் கடிதம் வந்த அன்றே அது எனக்குப் புரிந்தது. புரிந்ததை எழுத எனக்கு அனுமதி இல்லை. இனி ஆயிரம் வேண்டாம். முடிந்தால் அந்த ஒன்றை மட்டும் அனுப்பு. கீழே என் வீட்டு முகவரி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது."

படித்து முடித்ததும் அவள் தாளை மடித்தாள். வரதன் தடுப்பறைக்குள் போனான். பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து அவள் கையில் கொடுத்தான். அவள் நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

முனியம்மா ஒரு பெட்டியைப் பிரித்தாள். பையை எடுத்து வாயால் ஊதி, காற்று கசிகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மூடியைத் திருகினாள். பவுடர் தடவி, கூடுதலாக ஒரு தரம் தடவி, மடித்தாள். ராஜசேகரன் தன் மேசையிலிருந்து சணல் கயிறு கொண்டுவந்து கொடுத்தார்.

"அட்ரஸ அவங்க பாஷைலயே எய்து," என்றாள் முனியம்மா. "அந்த ஊரு தபால்காரனுக்குப் புரியணும்."

கஸ்தூரி எழுதினாள். எட்டு மாதம் தாமதம். அங்கே இப்போது கோடைக்காலமாக இருக்கும் என்று தாட்சாயிணிக்குத் தோன்றியது.

வரதனின் சட்டைப் பையில் பஞ்சாங்கம் துருத்திக்கொண்டிருந்தது. அன்று தேய்பிறை. யாரும் நாள் பார்க்கவில்லை.